மெட்ராஸ் பெயர் தாங்கிய போர் விமானம்: சாண் நீளம் கூட இல்லாத பொம்மையில் எத்தனை சோதனை!

'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயர் வைத்த ஒரு போர் விமானப் படை இருந்தது தெரியுமா?

இங்கே இல்லை. இங்கிலாந்தில்!

இரண்டாவது உலக யுத்தத்தில் ஹிட்லரின் விமானங்களோடு மோதிய படை அது. ராயல் விமானப்படையின் 264-வது ஸ்குவாட்ரன். அந்த நம்பருக்குப் பக்கத்திலேயே மெட்ராஸ் பிரசிடென்சி என்று நம்ம ஊர் பெயரையும் சேர்த்து எழுதுவார்கள்.

அந்தப் படை முதலில் ஓட்டிய போர் விமானத்தின் பெயர் 'டிபையண்ட்'. எதிர்த்து நிற்பவன் என்று அர்த்தம். படையின் முத்திரை வாசகமும் அதையொட்டித்தான்: 'எதிர்த்து நிற்கிறோம்'.

மொத்தம் 1,064 டிபையண்ட் விமானங்கள் செய்தார்கள். இன்றைக்கு முழுசாக மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அது பிரிட்டனில் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்க்க பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், கை நிறைய காசு வேண்டும்.

அதெல்லாம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து, ஒன்றைத் தாமே செய்து கொள்வது!

பிளாஸ்டிக் துண்டுகளாக, டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். 'ஏர்பிக்ஸ்' என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1960-ல் ஒரு டிபையண்ட் போட்டது. 2015-ல் புது அச்சில் மறுபடியும் போட்டது. துண்டுகளை வெட்டி, ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடித்தால் விமானம் ரெடி.

"அட, இதென்ன பெரிய வித்தை? பசங்க விளையாட்டுத்தானே!" என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலை சுற்றி விடும்.

ஆறடி ஆள் ஓர் அங்குலம்

இந்தப் பொம்மைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. அசலில் 72-ல் ஒரு பங்கு. ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி உயர மனிதன் இதில் ஓர் அங்குலம்!

அசல் டிபையண்டின் இறக்கை, முனைக்கு முனை 39 அடி 4 அங்குலம். நீளம் 35 அடி 4 அங்குலம். பொம்மையில் இறக்கை பதினாறரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நீளம் 15 சென்டிமீட்டர். ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் அளவுதான்.

இத்தனை சின்னதுக்குள்ளே பைலட்டின் சீட்டு, சீட் பெல்ட், கைப்பிடி, மீட்டர் பலகை எல்லாம் வர வேண்டும். கடுகளவு துண்டு கையிலிருந்து துள்ளித் தரையில் விழுந்தால் அவ்வளவுதான். குடும்பமே டார்ச் லைட்டோடு தேட வேண்டும். வீட்டில் விளக்குமாறு எடுப்பதற்கு முன்னால் தகவல் சொல்லி வைப்பது நல்லது.

சாமான் ஒன்றும் பெரிசாக வேண்டாம். துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்ட நகவெட்டி போதும். பிசிறு சீவ ஒரு பிளேடு. பிடித்துக் கொள்ள ஒரு சின்ன இடுக்கி. காயும் வரை இறுக்கிப் பிடிக்கத் துணி காயப் போடும் கிளிப்.

எடுத்தவுடன் பசையைத் தொடக் கூடாது. முதலில் துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். அச்சிலிருந்து வரும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது, பிறகு உரிந்து வரும். அடுத்து, பசை இல்லாமலே சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கென்று விற்கும் பசை, பசையே இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடு ஒன்று உருக்கிச் சேர்க்கும் திரவம் அது. ஒரு சொட்டு அதிகமானால் இறக்கையின் மேல் கட்டை விரல் ரேகை நிரந்தரமாகப் பதிந்து விடும், பத்திர ஆபீசில் வைத்த மாதிரி!

இடைவெளி விழுந்தால் பட்டி பார்க்க வேண்டும். முகத்துக்குப் போடும் பவுடரையும் பெவிக்விக்கையும் குழைத்தால் அருமையான பட்டி. இறுகிய கையோடு வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். தாமதித்தால் கல்லாகி விடும். டிங்கரிங் பட்டறையில் காருக்குச் செய்கிற அதே வேலை. அங்கே கையால் தேய்ப்பதை இங்கே விரல் நுனியால் தேய்க்க வேண்டும்.

கண்ணாடிக் கூண்டு

இதுவரை சொன்னது எல்லா விமானத்துக்கும் பொது. டிபையண்டுக்கு மட்டும் தனியாக ஒரு தலைவலி உண்டு. முதுகில் இருக்கும் கண்ணாடிக் கூண்டு!

ஸ்பிட்பயர், ஹரிக்கேன் என்று பெயர் கேட்டிருப்பீர்கள். அவற்றில் ஒரே ஆள். ஓட்டுவதும் அவரே, சுடுவதும் அவரே. துப்பாக்கிகள் இறக்கைக்குள் இருக்கும், நேராக முன்னால் சுடும்.

டிபையண்டில் அப்படி இல்லை. முன்னால் சுட ஒரு துப்பாக்கி கூட வைக்கவில்லை. பைலட்டுக்குப் பின்னால் வட்டமாகச் சுற்றும் கூண்டு. அதற்குள் ஒரு சுடுவீரர். நான்கு பிரௌனிங் மெஷின் கன்கள். ஆட்டோவை ஒருவர் ஓட்ட, பின் சீட்டில் இருக்கிறவர் சண்டை போடுகிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

யோசனை என்னவென்றால், ஜெர்மனியிலிருந்து குண்டு வீச்சு விமானங்கள் துணைக்கு ஆள் இல்லாமல் வரும், பக்கத்தில் போய்ப் பறந்து கொண்டே சாவகாசமாகச் சுடலாம் என்பது. காகிதத்தில் பிரமாதமான யோசனைதான். ஆனால் 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. ஜெர்மானியர்கள் கால்வாய்க்கு அக்கரையிலேயே விமானத்தளம் போட்டு உட்கார்ந்தார்கள். குண்டு வீச்சு விமானத்தோடு கூடவே சண்டை விமானங்களும் வந்தன. போட்ட கணக்கு அத்தனையும் தலைகீழ்!

பொம்மைக்கு வருவோம். கூண்டுக்குள் சீட்டு, துப்பாக்கிகள், சட்டங்கள் எல்லாவற்றையும் முதலில் பெயிண்ட் அடித்து ஒட்ட வேண்டும். அப்புறம்தான் கண்ணாடியால் மூட முடியும். துப்பாக்கிக் குழாய்கள் தையல் ஊசி கனம். தும்மினால் ஒடியும். கெட்டிக்காரர்கள் பிளாஸ்டிக்கை எடுத்துப் போட்டு விட்டு, டாக்டர் போடும் இஞ்செக்ஷன் ஊசியை அளவாக வெட்டி வைக்கிறார்கள். நுனியில் ஓட்டை கூட அசல் மாதிரியே இருக்கும்.

கண்ணாடிக்கு பெவிக்விக் வைத்தால் தொலைந்தது. அதன் ஆவி பட்டு உள்ளே வெள்ளையாகப் பனி படர்ந்து விடும். பிறகு துடைக்க வழியே இல்லை. இங்கே கைகொடுப்பது சாதாரண வெள்ளை பெவிகால். காய்ந்தால் தெளிவாகி விடும், தப்பினால் தண்ணீரில் கழுவி மறுபடி ஒட்டலாம்.

அடுத்தது கூண்டின் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. கண்ணாடி ஒவ்வொன்றின் மேலும் மாஸ்கிங் டேப்பை அதே அளவுக்கு வெட்டி ஒட்ட வேண்டும். சில துண்டுகள் அரிசி அளவுதான். விமானத்தின் மற்ற வேலை எல்லாம் ஒரு தட்டு என்றால், இந்தக் கூண்டு மட்டுமே இன்னொரு தட்டு. ஆபீஸ் விட்டு வந்து தினம் ஒரு மணி நேரம் உட்காருகிற குமாஸ்தாவுக்கு இதற்கே ஒரு வாரம் ஓடி விடும்.

இடுக்கியால் அந்தச் சீட்டை உள்ளே வைக்கும்போது மனசில் ஒன்று உறைக்கும். எவ்வளவு நெருக்கமான இடம்!

அது பொம்மை செய்தவர்களின் தப்பு இல்லை. அசலிலும் அப்படித்தான். முதுகில் பாரசூட் மாட்டிக் கொண்டு உட்கார இடம் போதாது. ஆகவே சட்டையும் பாரசூட்டும் ஒன்றாகச் சேர்ந்த விசேஷ உடை ஒன்றைச் சுடுவீரர்களுக்குக் கொடுத்தார்கள். 'காண்டாமிருகச் சட்டை' என்று கேலியாகப் பெயர். கூண்டுக்குக் கதவு பின்பக்கத்தில். கூண்டைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அந்த வழியாக ஆள் ஏறவோ இறங்கவோ முடியும். அடிபட்டு, விமானம் தீப்பிடித்து விழும்போது கூண்டு திரும்பவில்லை என்றால்?

பைலட் குதித்துப் பிழைப்பார். பின்னால் இருப்பவர் பிழைப்பது சந்தேகம்தான்.

ஒரே நாளில் 37

264-வது படையின் கதை மேலே ஏறி, கீழே விழுந்த கதை.

1940 மே 13-ம் தேதி ஹாலந்துப் பக்கம் போன 6 டிபையண்டுகளில் 5 திரும்பவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் அதே படை டன்கர்க் வானத்தில் பழி வாங்கியது. மே 29-ம் தேதி ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் நான்கு துப்பாக்கி வாயில் மாட்டினார்கள் என்று சொல்வார்கள்.

இந்த 37 ரொம்ப அதிகம் என்பது யுத்தத்துக்குப் பிறகு இரு தரப்புக் கணக்கையும் ஒத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஒரே விமானத்தை நாலு பேர் சுடுவார்கள். நாலு பேரும் நோட்டில் எழுதுவார்கள். சண்டை மும்முரத்தில் அது சகஜம்.

ஆகஸ்ட் வந்தது. 24, 26, 28 தேதிகளில் படை சின்னாபின்னமானது. 24-ம் தேதி படைத் தலைவர் பிலிப் ஹன்டர், எதிரி விமானம் ஒன்றைத் துரத்திக் கொண்டு கடல் பக்கம் போனார். அவரும் அவருடைய சுடுவீரர் கிங்கும் திரும்பி வரவே இல்லை.

26-ம் தேதி ஒரு சாகசமும் நடந்தது. தார்ன், பார்க்கர் என்ற இரண்டு சார்ஜெண்டுகளின் விமானம் அடிபட்டு, தரையை நோக்கி இறங்கியது. ஒரு மெஸ்ஸர்ஸ்மிட் விடாமல் துரத்தியது. விழப் போகிற விமானத்தின் கூண்டிலிருந்தே பார்க்கர் அதைச் சுட்டு வீழ்த்தினார். வயல் பக்கம் மோதி இறங்கியும் இருவரும் உயிர் தப்பினார்கள். சினிமாவில் காட்டினால் நம்ப மாட்டோம்.

ஆனால் எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் டிபையண்டைப் பகல் சண்டையிலிருந்து விலக்கி விட்டார்கள். அப்புறம் அதற்கு ராத்திரிக் காவல் வேலை. இருட்டில், லண்டன் மேல் குண்டு போட வருகிறவர்களைத் தேடிப் பிடிப்பதில் அது ஓரளவு நல்ல பெயரே வாங்கியது.

எந்தப் பெயிண்ட்?

இவ்வளவு சரித்திரம் பொம்மைக்கு எதற்கு? பெயிண்டுக்குத்தான்!

மேல் பக்கத்துக்குச் சிக்கல் இல்லை. மண் நிறமும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாக. அடிவயிறுதான் விஷயம்.

மே மாத விமானம் என்றால் இடது இறக்கையின் அடியில் கறுப்பு, வலது இறக்கையின் அடியில் வெள்ளை. கீழே இருக்கும் சொந்த நாட்டுப் பீரங்கிக்காரர்கள் நம்ம விமானம் என்று அடையாளம் கண்டு சும்மா விட வேண்டும் என்பதற்காக! ஜூன் மாதத்தில் அதை மாற்றினார்கள். ஆகஸ்ட் விமானம் என்றால் அடிப்பக்கம் முழுவதும் வெளிறிய இளம்பச்சை. ராத்திரி விமானம் என்றால் உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு.

ஒரே டப்பா, ஒரே பிளாஸ்டிக். கறுப்பு வெள்ளை அடித்தால் வெற்றி விமானம். இளம்பச்சை அடித்தால் ஹன்டரும் கிங்கும் போன விமானம்.

பெரும்பாலான பேர் கறுப்பு வெள்ளைக்கே ஆசைப்படுவார்கள். பார்க்கவும் எடுப்பாக இருக்கும். நம்மைக் கேட்டால், அலமாரியில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் ஆகஸ்ட் விமானத்துக்கே ஓட்டு. கூண்டுக்காக அவ்வளவு பாடுபட்டு விட்டு, அந்தக் கூண்டு என்ன செய்தது என்பதை மறைப்பானேன்?

யார் கொடுத்த காசு?

சரி, லண்டன் வானத்தில் மெட்ராஸ் பெயர் எப்படி வந்தது?

நன்கொடையால் வந்தது. யுத்த காலத்தில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதும் விமான நிதி வசூல் நடந்தது. ஒரு ஸ்பிட்பயருக்கு 5,000 பவுண்டு என்று ரவுண்டாக ஒரு விலை வைத்தார்கள். அசல் செலவு அதைவிட அதிகம். அன்றைய மாற்று விலையில் 5,000 பவுண்டு என்பது சுமார் 66,600 ரூபாய். பெருந்தொகை கொடுத்த ஊரின் பெயரைப் படைக்கே வைத்தார்கள். மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயர் 264-க்கு மட்டுமல்ல, ஸ்பிட்பயர் ஓட்டிய 234-வது படைக்கும் கிடைத்தது.

அந்த நேரத்தில் இங்கே நிலைமை என்ன? மக்களைக் கேட்காமலே இந்தியாவை யுத்தத்தில் இழுத்து விட்டதற்காக ராஜாஜி மந்திரி சபை 1939 அக்டோபரில் ராஜினாமா செய்து விட்டது. நடந்தது கவர்னர் ஆட்சி. 1940 அக்டோபர் 17-ம் தேதி காந்திஜியின் தனிநபர் சத்தியாகிரகம் வினோபாவைக் கொண்டு தொடங்கியது. பிரிட்டிஷ் யுத்தத்துக்கு ஆளும் கொடுக்காதே, காசும் கொடுக்காதே என்பதுதான் அதன் கோஷம். அதைச் சொன்னதற்காக ஆயிரக்கணக்கான பேர் ஜெயிலுக்குப் போனார்கள்.

ஒரு பக்கம் காசு கொடுக்காதே என்று சொல்லிச் சிறை. இன்னொரு பக்கம் கொடுத்த காசுக்கு அங்கே ஒரு பெயர்ப் பலகை. இரண்டும் இதே மாகாணத்தில்தான் நடந்தது. 1914-ல் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயரை 'அவன் பெரிய எம்டன்' என்று இன்னும் பேச்சில் வைத்திருக்கிறோம். நம்ம பெயரையே வைத்துக் கொண்டு பறந்த விமானத்தை மறந்து விட்டோம்!

மழையும் வார்னிஷும்

கடைசியில் சென்னைக்கே உரிய எதிரி ஒன்று உண்டு. புழுக்கம்!

பேன் போட்டால் ஈரப் பெயிண்டில் தூசி வந்து உட்காரும். பேனை நிறுத்தினால் நெற்றி வியர்வை சொட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் பெயிண்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்து திரி கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் பட்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்து விடும். ஒரு மாச உழைப்பு ஒரு நிமிஷத்தில் பாழ். மழை விட்டு, நல்ல வெயில் அடிக்கிற நாளில் மத்தியானமாகப் பார்த்து அடிப்பதே நல்லது.

எந்தப் பெயிண்டானாலும் மெல்லிசாக இரண்டு மூன்று கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் பிளாஸ்டிக்கில் உள்ள நுணுக்கமான கோடுகள் எல்லாம் சேற்றில் புதைந்த மாதிரி ஆகி விடும். தின்னர், பசை இரண்டும் நெடி. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்படிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

எழுத்துகளும் வட்டச் சின்னங்களும் தண்ணீரில் ஊறப் போட்டு நழுவ விடும் ஸ்டிக்கர்கள். 264-வது படைக்கு அடையாள எழுத்து 'பி.எஸ்.' ஹன்டரின் விமானம் 'பி.எஸ்.-ஏ'. ஒட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பளபளப்பு வார்னிஷால் வழவழப்பாக்கிக் கொண்டால் ஓரத்தில் காற்று புகாது.

இன்னொரு பொறி உண்டு. பலரும் மாட்டிக் கொள்வது. மற்ற விமானங்களுக்கு ரேடியோ ஏரியல் கம்பம் முதுகில் நிற்கும். டிபையண்டில் முதுகில் வைத்தால் கூண்டின் துப்பாக்கிக்கு இடைஞ்சல். ஆகவே வயிற்றுக்கு அடியில் வைத்தார்கள். பறக்கும்போது வெளியே நீளும், தரையில் உள்ளே மடங்கி விடும். சக்கரத்தை இறக்கி வைத்துச் செய்கிறவர்கள் கம்பத்தையும் நீட்டி ஒட்டி விடக் கூடாது.

எல்லாம் முடிந்து அலமாரியில் ஏற்றும்போது கூண்டை மட்டும் பசை போட்டு இறுக்க வேண்டாம். சுற்றுகிற மாதிரியே விடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் மூடிகளை இறங்கிய நிலையில் ஒட்டுங்கள். மேலே தூக்கி ஒட்டினால் துப்பாக்கி இடிக்கும்.

பிறகு கூண்டைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். கதவு வெளியே பார்த்தபடி இருக்கும்.